எல்லாத்தையும் கிளவுடுக்கு ஏத்திட்டா லோட் ஷெடிங், ஹேக்கிங், டீசல் மூணுக்கும் விடிவு வந்துடுமா?

கேள்வி: 9 மார்ச் 2024, மாலை

வணக்கம் அண்ணா. தென்னாப்பிரிக்கா பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஒரு சரக்கு கம்பெனில கணக்குப் பிரிவுல இருக்கேன். எங்க மேனேஜ்மென்ட் சர்வர் ரூமையே மூடிட்டு எல்லாத்தையும் கிளவுடுக்கு, அதாவது பெரிய கம்பெனியோட வாடகை சர்வருக்கு, கொண்டுபோகப் போறாங்க. கரண்ட் போனா கவலை இல்ல, ஹேக்கர் தொல்லைய பெரிய கம்பெனிக்காரன் பாத்துப்பான், ஜெனரேட்டர் டீசலும் மிச்சம், சுற்றுச்சூழலுக்கும் நல்லதுன்னு சொல்றாங்க. ஒரே கல்லுல மூணு மாங்கா. நெஜமா? நீங்க டர்பன்ல இதே வேலைலதான இருக்கீங்க, சொல்லுங்க.

9 மார்ச் 2024, இரவு

தம்பி, மூணு மாங்காவும் ஒரே மரத்துல இல்ல.

போறது தப்புன்னு சொல்ல வரல. அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி கேட்டிருந்தா யோசிக்கச் சொல்லியிருப்பேன், அப்ப நம்ம டேட்டா ஐரோப்பா வரைக்கும் போய்ட்டு வரணும், ஒவ்வொரு கிளிக்குக்கும் கொட்டாவி வரும். இப்ப அப்படி இல்ல. மைக்ரோசாஃப்டோட அஷ்யூர் 2019லயே ஜோகன்னஸ்பர்க்லயும் கேப் டவுன்லயும் வந்துடுச்சு, அமேசான் 2020ல கேப் டவுன்ல, கூகுள் இந்த ஜனவரிலதான் ஜோகன்னஸ்பர்க்ல தொறந்தாங்க. வேகம் பிரச்சனையே இல்ல.

ஆனா கரண்ட் விஷயம் பாருங்க. டேட்டா சென்டர்ல கரண்ட் போகாது, சரி. உங்க ஆபீஸ்ல போகும்ல? ரவுட்டர், ஸ்விட்ச், தெருமுனைல ஃபைபர் பெட்டி, மொபைல் டவர், இதெல்லாம் யார் பேட்டரில ஓடுது? லோட் ஷெடிங், அதாவது கரண்ட் பத்தாம அரசு மின் கம்பெனி எஸ்காம் முறை வெச்சு நிறுத்துறது, ஸ்டேஜ் ஆறுல இருந்தப்ப (ஸ்டேஜ் ஏற ஏற கட்டும் கூடும்) டவர் பேட்டரி ஒரு தடவை காலியாகி திரும்ப சார்ஜ் ஏறுறதுக்குள்ள அடுத்த ரெண்டு மணி நேரக் கட்டு வந்துடும், அப்புறம் பேட்டரியவே திருடிட்டுப் போயிடுவாங்க. உள்ளூர் சர்வர் இருந்தப்பவாவது ஜெனரேட்டர் போட்டு ஆபீசுக்குள்ள வேலை நடந்துச்சு. கிளவுடுக்கு போனப்புறம் லைன் போனா சும்மா உக்காந்திருக்கணும். அதனால மொதல்ல ரெண்டு வேற வேற கம்பெனி லைன், ஒண்ணு ஃபைபர் ஒண்ணு வயர்லெஸ், ரெண்டுக்கும் தனி பேட்டரி. இத பட்ஜெட்ல போட்டிருக்காங்களான்னு கேளுங்க.

லோட் ஷெடிங்கால பாதுகாப்புக்கு வர்ற கெடுதிய யாரும் பேசுறதில்ல. பாதுகாப்பு ஓட்டைய அடைக்கிற விண்டோஸ் பேட்ச்சை ராத்திரி ரெண்டு மணிக்கு போடுன்னு செட் பண்ணி வெச்சிருப்போம். அந்த நேரம் பாத்து கரண்ட் இருக்காது, மெஷின் ஆஃப்ல இருக்கும், பேட்ச் ஏறாது. மறுநாளும் அதே. மாசக் கடைசில ரிப்போர்ட்ட பாத்தா ஆபீஸ்ல பாதி மெஷின் பழைய ஓட்டையோட உக்காந்திருக்கும். பேக்கப்பும் பாதி ஓடி நின்னுடும், காலைல வந்து பாத்தா ஃபைல் இருக்கும், தொறந்தா தொறக்காது. 2023ல லோட் ஷெடிங் இல்லாத நாளே அபூர்வம், அந்த வருஷம் எத்தனை கம்பெனி இத கவனிச்சிருக்கும்னு நெனச்சா எனக்கு பதறுது.

9 மார்ச் 2024, இன்னும் கொஞ்சம்

ஹேக்கர் விஷயத்துக்கு ஒரு வரி. கிளவுடுக்காரன் கட்டடத்தையும் மெஷினையும் பாத்துப்பான். உள்ள யாரு வரலாம், யார்கிட்ட எந்தச் சாவி, வேலைய விட்டுப் போனவரோட லாகின் இன்னும் உயிரோட இருக்கா, இது எல்லாம் உங்க தலைலதான். ஒப்பந்தத்துலயே அப்படித்தான் எழுதியிருக்கும், படிக்கச் சொல்லுங்க.

டீசல் பத்தி தனியா எழுதுறேன், அது பெரிய கதை.

15 மார்ச் 2024

நேத்து நடந்தத பாத்தீங்களா? மேற்கு ஆப்பிரிக்கா பக்கம், அபிஜான் கிட்ட, கடலுக்கடில நாலு கேபிள் ஒண்ணா போச்சு: வாக்ஸ், சாட்-3, ஏஸ், மெயின்ஒன். போன மாசமே செங்கடல்ல சீக்காம், ஏஏஇ-1, ஈஐஜி மூணும் அடிபட்டுக் கெடக்கு. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடி. நேத்து டீம்ஸ், அவுட்லுக் எல்லாம் இழுத்துச்சு, மைக்ரோசாஃப்டே தென்னாப்பிரிக்கால சேவை பாதிச்சிருக்குன்னு சொன்னாங்க.

காலைல ஒரு கிளையன்ட் போன் போட்டு "எங்க டேட்டா ஜோகன்னஸ்பர்க்லதான இருக்கு, அப்புறம் ஏன் இழுக்குது"ன்னு கேட்டார். நியாயமான கேள்வி. டேட்டா இங்க இருந்தாலும் லாகின் சரிபாக்குறது, லைசன்ஸ் சரிபாக்குறது, ஏதோ ஒரு மூலைல இருக்குற சின்ன சர்வீஸ், இதுல எது எந்த நாட்டுக்கு போய்ட்டு வருதுன்னு வெளில இருந்து தெரியாது. கூகுளோட எக்குவியானோ கேபிளுக்கு ஒண்ணும் ஆகல, அது 2022ல கேப் டவுன் பக்கம் மெல்க்பாஸ்ஸ்ட்ராண்ட்ல கரையேறுனது, பல பேரோட ட்ராஃபிக்க அது தாங்குச்சு. உங்க லைன் கம்பெனிகிட்ட நீங்க எந்தெந்த கேபிள்ல காசு கட்டி எடம் வாங்கியிருக்கீங்கன்னு கேளுங்க. ரெண்டு கம்பெனிகிட்ட ரெண்டு லைன் வாங்கி, ரெண்டுமே கடைசில ஒரே கேபிள்ல போனா அது ஒரு லைன்தான்.

17 மார்ச் 2024

ஜோகன்னஸ்பர்க்ல இருந்து ஒரு அக்கா எழுதியிருக்காங்க, சின்ன கம்பெனிய எவன் ஹேக் பண்ணப் போறான்னு. அக்கா, டர்பன் துறைமுகத்த கேட்டுப் பாருங்க.

2021 ஜூலை 22, துறைமுகத்த நடத்துற அரசு கம்பெனி டிரான்ஸ்நெட்ல ரான்சம்வேர், அதாவது ஃபைலையெல்லாம் பூட்டிட்டு பணம் கேக்குற வைரஸ். அதுக்கு ஒரு வாரம் முன்னாடிதான் நம்ம மாகாணம் குவாசுலு-நட்டால்ல கலவரம், கடை கடையா எரிஞ்சு முடிஞ்ச நேரம். கன்டெய்னர் எங்க இருக்குன்னு சொல்ற சிஸ்டமே படுத்துடுச்சு. துறைமுகத்துக்கு போற பேஹெட் ரோடுல லாரி வரிசை, உள்ள ஆளுங்க பேப்பர்ல எழுதிப் பாத்தாங்க, கடைசில டர்பன், கேப் டவுன்லாம் சேத்து ஃபோர்ஸ் மெஜூர், அதாவது கைமீறிப் போச்சு, ஒப்பந்தப்படி செய்ய முடியாதுன்னு, அறிவிச்சாங்க. நான் அப்ப சுங்க கிளியரிங் பண்ற ஒரு சின்ன ஆபீசுக்கு வேலை பாத்துட்டிருந்தேன். அவங்க கம்ப்யூட்டருக்கு ஒண்ணும் ஆகல, ஆனா அவங்க தொழில் நின்னுச்சு. டிரைவருக்கு அன்னைக்கு காசு இல்ல, குளிர்பெட்டில இருந்த பழத்துக்கு பதில் சொல்ல ஆள் இல்ல. நம்மள நேரா அடிக்கணும்னே இல்ல அக்கா, நாம யார நம்பி இருக்கோமோ அவங்கள அடிச்சா போதும்.

அதே வருஷம் செப்டம்பர்ல நீதித்துறை அமைச்சகம். ரான்சம்வேர் வந்து, குழந்தைகளுக்கு மாசாமாசம் போற ஜீவனாம்சக் காசே தடைப்பட்டுச்சு. பின்னால தகவல் ஒழுங்குமுறை ஆணையம் விசாரிச்சு 2023 ஜூலைல 50 லட்சம் ராண்ட் அபராதம் போட்டாங்க, போப்பியாங்கிற தனிநபர் தகவல் பாதுகாப்பு சட்டத்துல அதுதான் மொத அபராதம். விசாரணைல என்ன வந்துச்சு தெரியுமா? ஆன்டிவைரஸ் லைசன்ஸ், ஊடுருவல கண்டுபிடிக்கிற சாஃப்ட்வேர் லைசன்ஸ், சிஸ்டத்துல நடக்குறதெல்லாம் பதிவாகுற லாக்கை கண்காணிக்கிற லைசன்ஸ், இதெல்லாம் 2020லயே முடிஞ்சும் புதுப்பிக்கல. இதுல அதிநவீன ஹேக்கிங் எதுவும் வேணாம். புதுசா வாங்க எல்லாருக்கும் ஆசை இருக்கு, வாங்கினத வருஷா வருஷம் புதுப்பிக்கிறதுக்கு ஆள் இல்ல. கிளவுடுக்கு போற கம்பெனிகள்கிட்ட நான் முட்டி மோதுறதே இந்த ஒரு விஷயத்துக்குத்தான்.

2 ஏப்ரல் 2024

ஒரு வாரமா கரண்ட் போகல. எல்லாரும் சந்தோஷமா இருக்காங்க, நானும்தான். டீசல் பத்தி எழுதுறேன்னு சொன்னேன்ல, இப்ப எழுதிடுறேன்.

கிளவுடு பச்சைன்னு விளம்பரத்துல சொல்றாங்க. நம்ம நாட்டு கரண்ட்ல அஞ்சுல நாலு பங்குக்கு மேல நிலக்கரி, பெரும்பாலும் புமலாங்கா பக்கம் எரியுது. ஒரு யூனிட்டுக்கு கிட்டத்தட்ட ஒரு கிலோ கரியமில வாயு. உங்க சர்வர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஓடினாலும் ஜோகன்னஸ்பர்க் டேட்டா சென்டர்ல ஓடினாலும் அதே எஸ்காம் கம்பிதான். வித்தியாசம் எங்க வரும்னா, உங்க சர்வர் ரூம்ல பெரிய மெஷின் பத்து சதவீத வேலைக்கு நாள் பூரா ஓடும், ஏசி இன்னொரு பக்கம் இழுக்கும். பெரிய டேட்டா சென்டர்ல ஒரே மெஷின்ல பல பேர் வேலைய அடுக்குறான், குளிரூட்டலும் சிக்கனம். அதனால ஒரு வேலைக்கு ஆகுற கரண்ட் குறையும், இது உண்மை.

ஆனா கிளவுடுல ஒரு பட்டன் தட்டினா புது மெஷின் வந்துடுதுன்னு, டெஸ்ட்டுக்கு ஒண்ணு, டெமோவுக்கு ஒண்ணு, போன வருஷம் போன பையன் வெச்சிட்டுப் போனது ஒண்ணுன்னு சனி ஞாயிறும் சேத்து ஓடிட்டிருக்கும். நான் போற எடத்துல எல்லாம் மொதல்ல இதத்தான் தேடுவேன். யாரும் தொடாத மெஷின் மூணு தொல்லையும் ஒண்ணா குடுக்கும்: பில் ஏறும், நிலக்கரி எரியும், பேட்ச் போடாம கெடக்கறதால உள்ள வர வழியாவும் இருக்கும். அத நிறுத்துறது ஒரு வேலை, மூணு பலன். தம்பி, உங்க மூணு மாங்கா இங்க வேணா கெடைக்கும்.

இன்னொண்ணு, விலை டாலர வெச்சுதான் நிர்ணயம். ராண்ட் விழுந்தா நீங்க ஒண்ணும் புதுசா வாங்காமலே பில் ஏறும். சோலார் பேனலும் பேட்டரியும் வாங்கினா அந்தச் செலவு வாங்கின அன்னைக்கே முடிஞ்சுடும். ஆபீஸ் கூரை நல்லா இருந்தா டீசல நிறுத்த நேரான வழி அதுதான், கிளவுடு இல்ல. ரெண்டையும் வேற வேற கணக்கா போடச் சொல்லுங்க.

13 மே 2024

நேத்து ஞாயித்துக்கிழமை கிழக்குக் கரைல ஈஸி, சீக்காம்னு ரெண்டு கடலடி கேபிளும் அறுந்துடுச்சு. கென்யா, தான்சானியா பக்கம் இன்டர்நெட் படுத்துடுச்சு. இந்த ரெண்டும் கரையேறுறது நம்ம மாகாணத்துலதான், எம்டுன்சினில. மார்ச்ல நான் எழுதின கேபிள் கேள்விய இன்னும் கேக்காதவங்க இன்னைக்கு கேளுங்க.

12 ஜூன் 2024

மொதல்ல தம்பிக்கு: கணக்குப் பிரிவுல இருக்கீங்க, இத நீங்கதான் ஊன்றிப் படிக்கணும்.

2019ல ஒரு அம்மா வீடு வாங்குறதுக்காக ஒரு பெரிய வக்கீல் ஆபீசுக்கு 55 லட்சம் ராண்ட் அனுப்பினாங்க. நடுவுல எவனோ ஈமெயிலுக்குள்ள புகுந்து பேங்க் கணக்கு நம்பர மட்டும் மாத்திட்டான். காசு போச்சு. போன வருஷம் ஹைகோர்ட் அந்த அம்மாவுக்கு சாதகமா தீர்ப்பு சொன்னுச்சு. முந்தாநேத்து மேல்முறையீட்டு கோர்ட் அத தள்ளிடுச்சு, கணக்கு நம்பர சரிபாக்க அவங்களுக்கு வழி இருந்துச்சுன்னு சொல்லி. படிச்சுட்டு எனக்கு தூக்கம் வரல. சட்டமா பாத்தா என்ன சொல்ல வர்றாங்கன்னு புரியுது, ஆனா வயசானவங்க ஒரு தடவை வீடு வாங்குறவங்க, அவங்கள விட வக்கீல் ஆபீசுக்குத்தான இந்த மோசடி தெனம் தெரியும்? பிடிஎஃப்ல கணக்கு நம்பர் அனுப்புற பழக்கத்த அவங்கதான நிறுத்தணும்?

எது எப்படியோ, இனி பணம் அனுப்புறவர்தான் ஜாக்கிரதையா இருக்கணும். கணக்கு நம்பர் மாறிடுச்சுன்னு ஈமெயில் வந்தா அந்த ஈமெயில்ல இருக்குற நம்பருக்கு போன் பண்ணாதீங்க, உங்ககிட்ட பழைய பில்லுல இருக்குற நம்பருக்கு பண்ணுங்க. கணக்கு யார் பேர்ல இருக்குன்னு சரிபாக்குற சேவை பேங்க்லயே இருக்கு, பெரிய தொகைக்கு அத விடவே விடாதீங்க. இதுக்கு கிளவுடும் வேணாம் ஃபயர்வாலும் வேணாம்.

12 ஜூன் 2024, அப்புறம்

எஸ்எம்எஸ் ஓடிபி இருக்கே போதாதான்னு கேட்டிருக்கீங்க. இந்த ஊர்ல சிம் ஸ்வாப் எவ்வளவு நடக்குதுன்னு தெரிஞ்சும் கேக்கலாமா? ஒரு நாள் திடீர்னு போன்ல சிக்னல் இருக்காது, டவர் பிரச்சனைன்னு நெனச்சிட்டிருப்பீங்க, அதுக்குள்ள உங்க நம்பர் வேற சிம்முக்கு போயிருக்கும். ஆப்ல வர்ற கோட், அதுலயும் திரைல காட்டுற நம்பர நாமே டைப் பண்ற முறை நல்லது. அட்மின் ஆளுங்களுக்கு செக்யூரிட்டி கீ, அதான் யுஎஸ்பில சொருகுற சின்ன சாவி, வாங்கிக் குடுங்க.

27 ஜூன் 2024

தேசிய சுகாதார ஆய்வகச் சேவை. அரசு ஆஸ்பத்திரிக்கு ரத்தப் பரிசோதனை பண்றவங்க, நாட்டு ஜனத்துல எண்பது சதவீதம் பேர் அவங்கள நம்பித்தான் இருக்காங்க. 22ஆம் தேதி ரான்சம்வேர். மெஷின் ரத்தத்த பரிசோதிக்குது, முடிவு டாக்டர் திரைக்கு போக மாட்டேங்குது. அவசரம்னா போன்ல படிச்சு சொல்றாங்க. எம்பாக்ஸ் (குரங்கம்மை) பரவிட்டிருக்குற நேரம் இது.

பேக்கப் சர்வர்லயும் கை வெச்சு அழிச்சிருக்கான். ரான்சம்வேர்க்காரன் இன்னைக்கு மொதல்ல தேடுறதே அதைத்தான். பேக்கப்பும் ஆபீஸ் லாகின்லயே தொறக்கும்னா அட்மின் பாஸ்வேர்ட் கெடைச்ச அன்னைக்கே அதுவும் போச்சு. தனி அக்கவுண்ட், தனி பாஸ்வேர்ட், குறிப்பிட்ட நாள் வரைக்கும் அட்மினாலயே அழிக்க முடியாத பூட்டு, இந்த மூணும் வேணும். கிளவுடுல இந்தப் பூட்டு சுலபமா கெடைக்குது, கிளவுடுக்கு ஆதரவா நான் சொல்ற பெரிய காரணமே இது.

மைக்ரோசாஃப்ட் ஒன்டிரைவ்ல இருக்கே, அது பேக்கப்தானேன்னு நெனைக்காதீங்க. உங்க லேப்டாப்ல ஃபைல் பூட்டிக்கிச்சுன்னா பூட்டின ஃபைல்தான் மேல ஏறும். ஷேர்பாயின்ட் குப்பைத்தொட்டி 93 நாள், வேலைய விட்டு போனவரோட ஒன்டிரைவ் நாமளா மாத்தலைன்னா 30 நாள், அதுக்கப்புறம் இல்ல. வருமான வரிக்கு அஞ்சு வருஷக் கணக்கு வேணும், ஞாபகம் இருக்கட்டும்.

அப்புறம் திரும்ப எடுக்குற கணக்கு. பத்து டெராபைட் பேக்கப்ப 100 எம்பிபிஎஸ் லைன்ல இறக்க ஒம்பது நாளுக்கு மேல ஆகும், லைன் ஒரு நிமிஷம் கூட நிக்காம ஓடினாத்தான் அதுவும். ஒம்பது நாள் உங்க லாரியெல்லாம் நிக்குமா? இத போட்டுப் பாக்காமலே "பேக்கப் இருக்கு சார்"னு சொல்றாங்க. நான் வேலை பாத்த ஒரு எடத்துல மீட்பு ஒத்திகை வைக்கணும்னு சொன்னப்ப, வேலை கெடும்னு தள்ளிப்போட்டுட்டே இருந்தாங்க. கடைசில ஒரு லாங் வீக்கெண்ட்ல வெச்சோம். சம்பள டேட்டாபேஸ் திரும்ப வந்துச்சு, ஆனா அத தொறக்குற சாவி பழைய சர்வர்லயே இருந்துச்சு. ஒத்திகைல தெரிஞ்சதால பொழச்சோம். அந்த வீக்கெண்ட் அங்க இருந்த கணக்குப் பொண்ணு, எங்க டீம்ல இல்லாதவங்க, அவங்கதான் "இந்த மாச ஃபைல காட்டுங்க, போன மாசம் வேணாம்"னு பிடிவாதமா கேட்டாங்க. ஒத்திகைல கட்டாயம் தொழில் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் இருக்கணும், ஐடி ஆளுங்க மட்டும் பாத்தா பச்சை டிக் வந்தா போதும்னு எழுந்து போயிடுவோம்.

21 ஜூலை 2024

வெள்ளிக்கிழமை கிரவுட்ஸ்ட்ரைக் கம்பெனியால உலகமே நின்னுச்சு. இது ஹேக்கிங் இல்ல, அவங்க பாதுகாப்பு சாஃப்ட்வேரோட அப்டேட்டே கோளாறு. உலகம் பூரா 85 லட்சம் விண்டோஸ் மெஷின் நீலத் திரை காட்டி நின்னுடுச்சு. நம்மூர் பேங்க்கும் மாட்டுச்சு. ஒவ்வொரு மெஷினா உக்காந்து சேஃப் மோடுல போய் ஒரு ஃபைல அழிக்கணும், அதுக்கு டிஸ்க் பூட்டுற சாவி வேணும், அந்த சாவி லிஸ்ட்ட வெச்சிருந்த சர்வரும் நீலத் திரைல கெடந்தா? பல பேருக்கு அதான் ஆச்சு. சாவி லிஸ்ட்ட பேப்பர்ல அச்சடிச்சு இரும்புப் பெட்டில வைங்க. நெஜமாத்தான் சொல்றேன், பேப்பர்ல.

அப்டேட் போடாதீங்கன்னு இதுக்கு அர்த்தம் இல்ல. நேத்துல இருந்து ரெண்டு பேர் அப்படி எழுதிட்டாங்க. மொதல்ல பத்து மெஷினுக்கு, அடுத்த நாள் மத்ததுக்குன்னு போடுங்க. இந்த வகை அப்டேட்ட அப்படி தள்ளிப்போட வாடிக்கையாளருக்கு வழியே குடுக்கலைங்கிறதுதான் இப்ப எல்லாரோட கோபம், என் கோபமும்.

6 அக்டோபர் 2024

புரட்டாசி. வீட்ல கறி மீன் இல்ல, ஆபீஸ்ல உள்ளூர்த் தமிழ் ஆளுங்களும் விரதம், மத்தியானம் எல்லாரும் பீன்ஸ் பன்னி சவ் (பிரட்ட குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்துறது) தான். நேத்து டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்ல ஒரு கோயிலுக்கு போனப்ப கமிட்டி அங்கிள் ஒருத்தர் புடிச்சுக்கிட்டார். இங்கயே பொறந்து வளந்தவர், தமிழ் கொஞ்சம்தான் வரும், மரியாதை நெறைய. உறுப்பினர் லிஸ்ட், அடையாள எண், நன்கொடைக் கணக்கு, பேங்க் விவரம் எல்லாம் ஒரே ஜிமெயில்ல இருக்கு, பாஸ்வேர்ட் கமிட்டி முழுக்கத் தெரியும், பழைய கமிட்டிக்கும் தெரியும். கோயிலுக்கும் போப்பியா உண்டு அங்கிள்னு சொன்னதும் பதறிட்டார். உக்காந்து ஆளுக்கு ஒரு லாகின் போட்டோம், தேவையில்லாத அடையாள எண்ண எல்லாம் அழிச்சோம். இல்லாத தகவல எவனும் திருட முடியாது.

இத ஏன் சொல்றேன்னா, நிறுவனம்னா கோட்டு சூட்டு போட்ட கம்பெனி மட்டும் இல்ல. 1860ல இருந்து நம்ம ஆளுங்க வேர்வைல எழுப்பின கோயில், பள்ளிக்கூடம், சவ அடக்க சங்கம், இதெல்லாம் இப்ப வாட்ஸ்அப்லயும் ஜிமெயில்லயும்தான் நடக்குது. அவங்களுக்கு யாரும் கன்சல்டிங் குடுக்க மாட்டாங்க. நாமதான் போகணும்.

1 பிப்ரவரி 2025

நேத்து சாயங்காலம் லோட் ஷெடிங் திரும்ப வந்துடுச்சு, ஸ்டேஜ் மூணு. பத்து மாசம் நிம்மதியா இருந்துட்டோம். இன்னைக்கு காலைல இருந்து போன் மேல போன், யுபிஎஸ் பேட்டரி தாங்கலன்னு. பத்து மாசம் யாரும் பேட்டரிய சோதிக்கல. லெட் ஆசிட் பேட்டரிக்கு சும்மா இருந்தாலும் வயசாகும்.

எஸ்காம திட்டுறவங்க திட்டுங்க, காரணம் இருக்கு. 2021 ஆகஸ்ட்ல அவங்க மெடுப்பி மின்நிலையத்துல நாலாவது யூனிட் வெடிச்சதே, ஜெனரேட்டர்ல இருந்து ஹைட்ரஜன வெளியேத்துறப்ப வகுத்த நடைமுறைய ஒழுங்கா பின்பத்தாததாலதான். ஆனா நம்ம ஆபீஸ்ல லைசன்ஸ் புதுப்பிக்காததும், ஒத்திகை வைக்காததும், பேட்டரி பாக்காததும் அதே குணம்தான்.

11 அக்டோபர் 2025

தம்பிகிட்ட இருந்து தகவல். கிளவுடுக்கு போயாச்சு, ரெண்டு லைன் வாங்கிட்டாங்க, கூரைல சோலாரும் வந்துடுச்சு, ஒத்திகை மட்டும் இன்னும் வைக்கலயாம். மேனேஜர்கிட்ட இந்த இழைய காட்டுங்க தம்பி, கோபப்பட்டா என் பேர சொல்லுங்க.

இப்ப அவர் கேக்குறது: 14ஆம் தேதியோட விண்டோஸ் 10க்கு ஆதரவு முடியுது, நல்லா ஓடுற லேப்டாப்ப எல்லாம் தூக்கிப் போடணுமா?

இதுல எனக்கு மனசு ரெண்டா இருக்கு. பாதுகாப்பு ஆளா சொன்னா, பேட்ச் வராத மெஷின ஆபீஸ் நெட்வொர்க்ல விடக்கூடாது. ஆனா பல மெஷின் டிபிஎம் 2.0ங்கிற பாதுகாப்பு சிப் இல்ல, ப்ராசசர் பழசுன்னு ஒரே காரணத்துக்காகத்தான் விண்டோஸ் 11 ஏத்துக்காது, மத்தபடி கல்லு மாதிரி ஓடுது. ஒரு லேப்டாப்போட ஆயுசுல வர்ற கரியமில வாயுல பெரும்பங்கு அத செய்யும்போதே வெளில போயிடுது, அதனால நாலு வருஷம் ஓடினத ஏழு வருஷம் ஓட்டுறது பெரிய விஷயம். 2021 ஆகஸ்ட்ல இருந்து மின் கழிவ நம்ம நாட்டுல குப்பைமேட்டுல கொட்டவும் கூடாது.

கணக்கு மென்பொருள் ஓடுற மெஷின மட்டும் மாத்துங்க. காசு கட்டி கூடுதல் பேட்ச் வாங்கலாம், கம்பெனிக்கு மொத வருஷம் ஒரு மெஷினுக்கு 61 டாலர், வருஷா வருஷம் ரெண்டு மடங்கு, மூணு வருஷம் வரைக்கும்தான். அதனால மொத வருஷம் வாங்கி, அந்த நேரத்துல நிதானமா மாத்திக்கிறது எனக்கு சரின்னு படுது. பிரவுசர்ல மட்டும் வேலை பாக்குறவங்க மெஷினுக்கு விண்டோஸுக்கு பதிலா இலவச லினக்ஸ் மின்ட் போடுங்க, ரெண்டு வாரம் முனகுவாங்க, அப்புறம் பழகிடும். மீதிய நம்ம தமிழ் வகுப்புக்கு குடுங்க, பிள்ளைங்களுக்கு தட்டச்சு பழக லினக்ஸ் போதும்.

குடுக்கறதுக்கு முன்னாடி டிஸ்க்க முழுசா அழிச்சுட்டுக் குடுக்கணும். ஃபார்மேட் பண்ணினா மட்டும் போதாது. எஸ்எஸ்டின்னா அந்த கம்பெனி டூல்லயே பாதுகாப்பா அழிக்கிற வசதி இருக்கும், பழைய சுழல்ற டிஸ்க்னா ஒரு தடவை முழுக்க மேலெழுதணும், கெட்டுப்போன டிஸ்க்னா துளை போட்டுடுங்க. சீரியல் நம்பர், தேதி, யார் அழிச்சாங்க, மூணையும் ஒரு நோட்டுல எழுதி கையெழுத்து வாங்கிக்கோங்க. போப்பியா ஆளு வந்து கேட்டா காட்ட அந்த நோட்டு வேணும்.